ஓஸுவின் படத்தில் ஏன் ஒன்றுமே நடப்பதில்லை?

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் படங்களை விரும்பிப் பார்த்தவர் நீங்கள். அந்த ருசியோடு இன்னொரு ஜப்பானிய இயக்குநரான யசுஜிரோ ஓஸுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யைப் போட்டுவிட்டு இருபதாவது நிமிடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். வயதான தம்பதி மூட்டை கட்டுகிறார்கள், மகன் வீட்டுக்குப் போகிறார்கள், உட்கார்ந்து பேசுகிறார்கள், இதைப் போய் எப்படி உலகின் தலைசிறந்த படங்களில் ஒன்று என்கிறார்கள், இந்த மனிதர் அப்படி என்னதான் செய்துவிட்டார் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. 2012-இல் பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் உலகெங்கும் உள்ள இயக்குநர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் முதலிடம் பிடித்த படம் அது. அந்தப் பெருமையைக் காட்டி உங்களை வாயடைக்க நான் விரும்பவில்லை. நானும் முதல் தடவை பாதியில் தூங்கிப்போனவன்தான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நிறுத்துவதற்கு முன்பே ஓஸு தன் வேலையைத் தொடங்கிவிட்டார். முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒனோமிச்சி என்ற கடலோர ஊர். ஷூகிச்சியும் அவர் மனைவி தோமியும் தரையில் உட்கார்ந்து பயணத்துக்குச் சாமான் எடுத்து வைக்கிறார்கள். காற்றடைக்கும் தலையணையைக் காணோம். உன்னிடம்தானே கொடுத்தேன் என்கிறார் அவர். என்னிடம் இல்லையே என்கிறாள் அவள். இல்லாமல் எங்கே போகும், நன்றாகத் தேடிப் பார் என்கிறார். நடுவில் பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை நலம் விசாரித்துவிட்டுப் போகிறாள். கடைசியில் தலையணை அவருடைய பையிலேயே இருக்கிறது. ஆ, இருக்கு என்கிறார். அவ்வளவுதான். அவர் அசடு வழியவில்லை, அவளும் சொல்லிக் காட்டவில்லை. இந்த இருவரும் எத்தனை வருடமாக இப்படியே வாழ்ந்திருக்கிறார்கள், யார் விட்டுக்கொடுத்துப் போனவர், இதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வந்துவிட்டது. யாரும் அதை வாயால் சொல்லவில்லை, அதனால் ஒன்றும் நடக்கவில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. ஓஸுவின் முப்பத்தைந்து வருட உழைப்பு இதில்தான் இருக்கிறது. சொல்லக்கூடியதை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தார்.

விட்டார் என்றால் முதலில் கையில் வைத்திருந்தார் என்று அர்த்தம். ஓஸுவைப் பற்றிய பெரிய தப்பெண்ணம் அவர் பிறக்கும்போதே ஜப்பானிய ஞானியாகப் பிறந்தவர் என்பது. 1903 டிசம்பர் 12 அன்று டோக்கியோவின் ஃபுகாகாவா பகுதியில் ஓர் உர வியாபாரியின் மகனாகப் பிறந்தார். பத்து வயது வாக்கில் தாயோடும் உடன்பிறப்புகளோடும் மட்சுசாகா என்ற ஊருக்கு அனுப்பப்பட்டார். அப்பா தொழிலுக்காக டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். பையன் படிப்பைக் கவனிக்காமல் தியேட்டரே கதியென்று கிடந்தான், பார்த்ததெல்லாம் அமெரிக்கப் படங்கள். கல்லூரி நுழைவுத் தேர்வில் தோற்று, மலைக்கிராமம் ஒன்றில் ஒரு வருடம் பள்ளி வாத்தியாராக இருந்துவிட்டு, 1923-இல் ஷோச்சிகு திரைப்பட நிறுவனத்தில் உதவி ஒளிப்பதிவாளராகச் சேர்ந்தார். அதுவரை தான் பார்த்த ஜப்பானியப் படங்கள் மூன்றே மூன்று என்று அங்கே சொன்னாராம்.

இயக்குநரானதற்கு ஒரு சண்டை காரணம் என்று சொல்வார்கள். ஸ்டூடியோ கேன்டீனில் பசியோடு காத்திருக்கும்போது, தனக்கு வரவேண்டிய கறி சாதத் தட்டு வேறு ஒருவருக்குப் போய்விட்டது. ஓஸு கையை ஓங்கிவிட்டார். ஸ்டூடியோ தலைவர் ஷிரோ கிடோ கூப்பிட்டு விசாரித்தார். விசாரணைக்குப் போனவர் ஒரு கதையைக் கொடுக்கும்படி ஆனது. 1927-இல் முதல் படம் வந்தது. அது ஒரு வாள்வீச்சுப் படம்! அவர் எடுத்த ஒரே சரித்திரப் படமும் அதுதான், இன்று அதன் பிரதி கிடையாது. அப்புறம் கல்லூரிக் கலாட்டாக்கள், அமெரிக்க மௌனப்பட நடிகர் ஹாரால்டு லாய்டு பாணி நகைச்சுவைகள், கேங்ஸ்டர் கதைகள் என்று வேகவேகமாக எடுத்துத் தள்ளினார். அந்தப் படங்களில் அறைச் சுவரெல்லாம் ஹாலிவுட் போஸ்டர்கள் தொங்கும். கேமரா ஓடும், ஆடும்.

அந்த மௌனப்பட காலத்தில் ஒன்றை மட்டும் நீங்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். 1932-இல் வந்த ‘ஐ வாஸ் பார்ன், பட்...’. புறநகருக்குக் குடிவந்த ஒரு குமாஸ்தாவின் இரண்டு பையன்கள். அவர்களுக்கு அப்பாதான் உலகத்திலேயே பெரிய ஆள். ஒரு நாள் முதலாளி வீட்டில் எல்லோரும் கூடி, முதலாளி எடுத்த வீட்டுப் படங்களைத் திரையில் ஓட்டுகிறார்கள். அதில் அப்பா முதலாளியைச் சிரிக்கவைக்க முகத்தைக் கோணிக்கொண்டு கோமாளித்தனம் செய்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள், இரண்டு பையன்களைத் தவிர. வீட்டுக்கு வந்து கேட்கிறார்கள்: ஏன் அவருக்குக் கும்பிடு போடுகிறீர்கள்? அவர்தான் சம்பளம் தருகிறார். வாங்காதீர்கள். வாங்காவிட்டால் நீங்கள் சாப்பிட முடியாது. அப்படியானால் நாங்கள் சாப்பிடவில்லை. உண்ணாவிரதம் தொடங்குகிறது. மறுநாள் காலை தோட்டத்தில் உட்கார்ந்து, அம்மா கொண்டுவந்த சோற்று உருண்டையைப் பையன்கள் மெல்ல மெல்லத் தின்னத் தொடங்குகிறார்கள். அப்பாவும் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒன்றை எடுத்துக்கொள்கிறார். மூன்று முதுகுகள். ஒரு குழந்தை உலகத்தோடு சமரசம் செய்துகொள்ளும் கணத்தை இவ்வளவு வலிக்க வலிக்க, இவ்வளவு சிரிக்கச் சிரிக்க வேறு யாரும் எடுத்து நான் பார்த்ததில்லை. அந்த ஆண்டின் சிறந்த ஜப்பானியப் படமாக ‘கினெமா ஜும்போ’ இதழ் அதைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளும் முதலிடம் ஓஸு படங்களுக்கே போனது. அப்போது அவருக்கு வயது முப்பதைத் தொட்டுத்தான் இருந்தது. பேசும் படத்துக்கு மட்டும் அவசரப்படவில்லை. 1936-இல்தான் அதற்கு வந்தார்.

1937-இல் ராணுவம் அழைத்தது. சீனாவில் ரசாயன ஆயுதங்களைக் கையாண்ட படைப்பிரிவில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் இருந்தார். ஓஸுவை மென்மையின் உருவமாக மட்டும் எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியென்று படவில்லை. அவர் படங்களில் போர் நேராக வராது, ஆனால் திரும்பி வராத மகன்களும் சுவரில் மாட்டிய புகைப்படங்களும் வந்துகொண்டே இருக்கும். 1939-இல் ஊர் திரும்பியதும் எழுதிய ஒரு திரைக்கதையைத் தணிக்கை அதிகாரிகள் ஏற்க மறுத்தார்கள். போருக்குப் போகும் கணவனும் மனைவியும் முந்தின இரவு தேநீர் ஊற்றிய பழைய சோறு மாதிரி ஒன்றை உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அந்த வேளையில் மங்கலமாகச் சிவப்பு அவரைச் சோறு அல்லவா ஆக்க வேண்டும் என்பது ஆட்சேபம். திருத்த மனமில்லாமல் ஓஸு அதைத் தூக்கி வைத்துவிட்டார். வெகு காலம் கழித்து, 1952-இல், கதையை மாற்றி எடுத்தார்.

இன்னொரு விஷயம் நமக்கு நெருக்கமானது. 1943-இல் ராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தையும் இந்திய விடுதலைப் போராட்டத்தையும் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. மலேயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழ்ப் பாட்டாளிகள் திரள் திரளாக அந்தப் படையில் சேர்ந்துகொண்டிருந்த நேரம் அது. படம் முடியவில்லை. மாறாக, பறிமுதல் செய்யப்பட்ட அமெரிக்கப் படச்சுருள்களைப் போட்டுப் போட்டுப் பார்த்தார், ‘சிட்டிசன் கேன்’ உட்பட. ஜப்பான் சரணடைந்ததும் எடுத்த காட்சிகளையும் திரைக்கதையையும் அழித்துவிட்டார். காவலில் இருந்த நாட்களில் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார். நாடு திரும்பும் முதல் கப்பலில் குழுவில் எல்லோருக்கும் இடமில்லை, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஓஸுவுக்குச் சீட்டு விழுந்தது. ஊர் போகத் தவித்துக்கொண்டிருந்த இன்னொருவருக்கு அதைக் கொடுத்துவிட்டு இவர் தங்கிவிட்டார். 1946-இல்தான் திரும்பினார். அந்தப் படம் மட்டும் உருவாகியிருந்தால் ஓஸுவின் சட்டகத்துக்குள் தமிழ் முகங்களும் இருந்திருக்கும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சரி, இனி நீங்கள் கேட்ட ஓஸுவுக்கு வருவோம். 1949-இல் ‘லேட் ஸ்பிரிங்’. இங்கிருந்துதான் எல்லோரும் ‘ஓஸு பாணி’ என்று சொல்வது முழுதாகத் தெரிகிறது. முதல் படத்துக்கு எழுதிய கோகோ நோடா மீண்டும் கூட்டுச் சேர்ந்தார். இருவரும் சிகாசாகி என்ற கடற்கரை ஊரின் விடுதியில் அறை எடுத்து, சாக்கே என்ற அரிசி மதுவைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொரு வசனமாகப் பேசிப் பேசி எழுதுவார்கள். ‘டோக்கியோ ஸ்டோரி’ முடிந்த அன்று ஓஸு கணக்கு எழுதி வைத்திருக்கிறார்: 103 நாள், 43 புட்டி. எழுதி முடித்துவிட்டால் அப்புறம் ஒரு வார்த்தை மாறாது. தளத்தில் நடிகர் எத்தனையாவது நொடியில் தலையைத் திருப்ப வேண்டும், மேசையில் கிண்ணம் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பது வரை அவர்தான் சொல்வார். ஒளிப்பதிவாளர் யூஹாரு அட்சுதா தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு வ்யூஃபைண்டரில் பார்க்க வேண்டியிருந்தது, ஏனென்றால் கேமரா பாயில் உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கும் கீழே இருக்கும்.

இந்தத் தாழ்ந்த கேமராவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது பேச்சுக் காட்சிகளை அவர் வெட்டும் விதம். இரண்டு பேர் எதிரெதிரே பேசும்போது இருவருக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொண்டு, கேமரா அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும் என்பது சினிமாவின் அரிச்சுவடி. ஓஸு அந்தக் கோட்டைச் சர்வ சாதாரணமாகத் தாண்டுவார். ஒவ்வொருவரும் கிட்டத்தட்ட நம்மையே பார்த்துப் பேசுவார்கள். முதலில் கண் உறுத்தும். ஒரு அரைமணி நேரம் பொறுத்தால் வேறொன்று நடக்கும்: நாம் அந்த அறையின் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம், இரண்டு பக்கத்தாரும் நம்மிடம்தான் முறையிடுகிறார்கள். அதனால்தான் ஓஸு படத்தில் யாரையும் வில்லனாக்க முடிவதில்லை. காட்சிக்கும் காட்சிக்கும் இடையில் துணி காயும் கொடி, புகைபோக்கி, ஆளில்லாத தாழ்வாரம் என்று சில வெற்று ஷாட்கள் வரும். மூச்சுவிட இடம். ஜப்பானியக் கவிதையில் சொல்லுக்கு முன்னால் வரும் அடைமொழிக்குத் ‘தலையணைச் சொல்’ என்று பெயர். அதிலிருந்து எடுத்து இவற்றைத் ‘தலையணை ஷாட்கள்’ என்று ஒரு விமர்சகர் அழைத்தார், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

‘லேட் ஸ்பிரிங்’ கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். மனைவியை இழந்த பேராசிரியர், அவரை விட்டுப் போக மனமில்லாத மகள் நோரிகோ. தானும் மறுமணம் செய்துகொள்ளப் போவதாகப் பொய் சொல்லி அவளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கிறார். மாப்பிள்ளையை நாம் கடைசி வரை பார்ப்பதில்லை. கல்யாணத்தையும் பார்ப்பதில்லை. மணக்கோலத்தில் அவள் அப்பாவை வணங்குகிறாள், அடுத்த காட்சியில் எல்லாம் முடிந்திருக்கிறது. அவர் தனியாக வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து ஆப்பிள் தோலைச் சீவுகிறார். தோல் நீளமாக, அறாமல், சுருள் சுருளாகத் தொங்குகிறது. கத்தி நிற்கிறது, தோல் விழுகிறது, தலை மெல்லக் குனிகிறது. இந்த இடத்தில் வாய்விட்டு அழச் சொன்னார் ஓஸு, என்னால் முடியாது என்று மறுத்துவிட்டேன், அவரும் வற்புறுத்தவில்லை என்று அப்பாவாக நடித்த சிஷு ரியு பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆக, ஓஸுவே விட மறந்த ஒன்றை அவருடைய நடிகர் விட்டார்! அந்தக் குனிந்த தலைக்கு ஈடாக எந்த அழுகையும் இருந்திருக்காது.

நோரிகோவாக நடித்தவர் செட்சுகோ ஹாரா. 1951-இல் ‘ஏர்லி சம்மர்’, 1953-இல் ‘டோக்கியோ ஸ்டோரி’ இரண்டிலும் அவர் பெயர் நோரிகோதான், ஆனால் மூவரும் வேறு வேறு பெண்கள். எப்போதும் புன்னகைப்பார். அந்தப் புன்னகை எந்த இடத்தில் கொஞ்சம் அதிகமாக நிற்கிறது என்று கவனித்தால் போதும், வசனமே தேவையில்லை. ஓஸு மறைந்த 1963-உடன் அவரும் திரையை விட்டு விலகினார். 2015-இல் தன் 95-ஆவது வயதில் இறக்கும் வரை காமகுராவில் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தார்.

பாதியில் விட்ட படத்தில் மேற்கொண்டு என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்கிறேன், அதனால் ருசி கெடாது. டோக்கியோவில் பிள்ளைகளுக்கு நேரமில்லை. மகள் ஷிகே அழகு நிலையம் நடத்துகிறாள். அவள் கணவன் மாமனார் மாமியாருக்கென்று நல்ல தின்பண்டம் வாங்கி வருகிறான், இவ்வளவு விலையில் எதற்கு என்று அவனைக் கடிந்துகொண்டே ஷிகே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறாள். வாடிக்கையாளர் யார் அவர்கள் என்று கேட்டால் ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்கிறாள். அவளை வெறுக்கத் தோன்றும். ஆனால் அம்மா சாகக் கிடக்கும்போது ஓவென்று முதலில் அழுவதும் அவள்தான், அழுத கையோடு அம்மாவின் நல்ல கிமோனோவைக் கேட்பதும் அவள்தான். இரண்டும் உண்மை. சொந்த மகனும் மகளும் செய்யாததைப் போரில் கணவனைப் பறிகொடுத்த மருமகள் நோரிகோ செய்கிறாள், வேலைக்கு லீவு போட்டு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். பெரியவர்களைச் செலவு மிச்சமாகும் என்று அட்டாமி வெந்நீர் ஊற்று விடுதிக்கு அனுப்பிவைக்கிறார்கள். இரவெல்லாம் மற்ற அறைகளின் கூத்தும் பாட்டும். காலையில் இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்து ஊருக்குப் போய்விடலாமா என்று பேசுகிறார்கள். எழும்போது தோமிக்கு லேசாகத் தள்ளாடுகிறது. ஒன்றுமில்லை என்கிறாள். அந்தத் தள்ளாட்டம் தூரத்து ஷாட்டில், இரண்டு சின்ன உருவங்களாக வருகிறது. கண்ணைச் சிமிட்டினால் தவறிப்போகும்.

அவர் காலத்தில் இதெல்லாம் வெளிநாட்டுக்கு அவ்வளவாகப் போகவில்லை. 1951-இல் குரோசவாவின் ‘ரஷோமோன்’ வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்றபோது உலகம் ஜப்பானைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் ஓஸு படங்கள் அந்நியருக்குப் புரியாத அளவுக்கு ஜப்பானியம் என்று ஷோச்சிகு நினைத்தது. ஹாலிவுட் பார்த்து வளர்ந்தவருக்கு இந்த முத்திரை! இதில் இன்னொன்றும் உண்டு. குரோசவாவையும் ஓஸுவையும் எதிரெதிர் அணியாக நிறுத்திப் பேசுவது நம் பழக்கம். 1943-இல் குரோசவாவின் முதல் படத்தைத் தணிக்கைக் குழு குடைந்துகொண்டிருந்தபோது, அங்கே இருந்த ஓஸு எழுந்து, நூறு மதிப்பெண் முழு மதிப்பெண் என்றால் இதற்கு நூற்றிருபது தருவேன் என்று சொல்லிப் படத்தைக் காப்பாற்றினார். குரோசவா தன் சுயசரிதையில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

உள்ளூரிலும் அடுத்த தலைமுறை அவரை எதிர்த்துத்தான் வளர்ந்தது. ‘டோக்கியோ ஸ்டோரி’யில் உதவி இயக்குநராக இருந்த ஷோஹெய் இமாமுரா, நடிகர்களை இப்படிக் கட்டிப்போடுவது பிடிக்காமல் வேறு ஸ்டூடியோவுக்குப் போய், வேர்வையும் சேறுமான நேர்மாறான சினிமாவை எடுத்தார். ஏன் ஒரே மாதிரி எடுக்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு ஓஸு, நான் டோஃபு (சோயாக் கட்டி) கடைக்காரன், என்னிடம் வந்து வறுவல் கேட்டால் எப்படி என்பார். 1958-இல்தான் வண்ணத்துக்கு வந்தார், வந்ததும் ஒரு சிவப்புக் கெட்டிலை அறை அறையாகத் தூக்கி வைத்து விளையாடினார். கடைசிப் படங்களில் கேமரா அசைவே கிடையாது. 1963 டிசம்பர் 12, தன் அறுபதாவது பிறந்தநாளன்று, புற்றுநோயால் இறந்தார். கல்யாணம் செய்துகொள்ளாதவர், தாயோடு வாழ்ந்தவர், பிள்ளைகள் கல்யாணமாகிப் போவதையே திரும்பத் திரும்பப் படமாக்கினார். காமகுரா பக்கம் எங்காகுஜி மடத்தில் இருக்கும் கல்லறையில் பெயர் இல்லை, ‘மு’ என்ற ஒற்றை எழுத்து, இன்மை என்று பொருள். பார்க்க வருகிறவர்கள் சாக்கே புட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள்.

செத்த பிறகுதான் உலகம் வந்தது. நியூயார்க்கில் ‘டோக்கியோ ஸ்டோரி’ முறையாக வெளியானது 1972-இல். அதற்கப்புறம் செல்வாக்கு வெள்ளமாகப் பரவியது. ஜெர்மனியின் விம் வெண்டர்ஸ் ஓஸுவின் டோக்கியோவைத் தேடிப் போய் 1985-இல் ஆவணப்படமே எடுத்தார். 2023-இல் வந்த அவருடைய ‘பெர்ஃபெக்ட் டேஸ்’ படத்தில் கழிப்பறை துப்புரவு செய்யும் நாயகனுக்குப் பெயர் ஹிராயாமா, அது ‘டோக்கியோ ஸ்டோரி’ குடும்பத்தின் பெயர். தைவானின் ஹோ சியாவ்-சியென் ஓஸு நூற்றாண்டையொட்டி ‘கஃபே லுமியே’ எடுத்தார், ஈரானின் கியரோஸ்தமி ‘ஃபைவ்’ படத்தை அவருக்குச் சமர்ப்பித்தார், பிரான்சில் கிளேர் டெனி ‘லேட் ஸ்பிரிங்’கின் அப்பா மகளைப் பாரிஸ் புறநகரின் ரயில் ஓட்டுநர் வீட்டில் வைத்துப் பார்த்தார். டெனியைத்தான் நான் உயர்வாக மதிக்கிறேன். மற்றப் பலரும் ஓஸுவிடமிருந்து அசையாத கேமராவையும் மௌனத்தையும் எடுத்துக்கொண்டார்கள். எதைக் காட்டாமல் விட வேண்டும் என்ற கணக்கை எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. அவருடைய சிரிப்பை எடுத்துக்கொண்டவர்கள் அதைவிடக் குறைவு. 1959-இன் ‘குட் மார்னிங்’ முழுக்கச் சிறுவர்கள் குசு விட்டு விளையாடும் படம் என்று சொன்னால் நம்புவீர்களா?

எனவே இந்த வரிசையில் போங்கள். முதலில் ‘ஐ வாஸ் பார்ன், பட்...’, அப்புறம் ‘குட் மார்னிங்’, அப்புறம் ‘லேட் ஸ்பிரிங்’. பிறகு ‘டோக்கியோ ஸ்டோரி’யை முதலிலிருந்து போடுங்கள். தலையணை தேடும்போது ஜன்னலில் எட்டிப் பார்த்துப் பேசும் பக்கத்து வீட்டுப் பெண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். படத்தின் கடைசியில், அதே வீட்டில், அதே ஜன்னலில் அவள் மறுபடி வருவாள். ஷூகிச்சி விசிறியோடு உட்கார்ந்திருப்பார். இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் மனைவி இருக்கும்போதே இன்னும் கொஞ்சம் அன்பாக நடந்துகொண்டிருப்பேன் என்பார். தனியாக இருந்தால் பொழுது நீளமாகிவிடுகிறது என்பார். பக்கத்து வீட்டுப் பெண் போய்விடுவாள். வெளியே கடலில் ஒரு படகு சத்தம் கேட்கும்.